‘சொன்னார்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது

ஓட்டலில் உட்கார்ந்ததும் ‘காபி சொல்லியாச்சா?’ என்கிறோம். கல்யாணத் தேதி குறித்ததும் ‘யார் யாருக்கெல்லாம் சொல்லணும்?’ என்று பட்டியல் போடுகிறோம். ஊருக்குக் கிளம்பும்போது ‘ஆட்டோ சொல்லிட்டேன், அஞ்சு மணிக்கு வந்துடும்’ என்கிறோம். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். செய்த உதவியைச் சொல்லிக் காட்டுபவர்களிடமிருந்து ஒதுங்கியே இருக்கிறோம். எல்லாவற்றிலும் வினை ஒன்றுதான். ஆங்கிலத்தில் காபிக்கு ‘ஆர்டர்’, கல்யாணத்துக்கு ‘இன்வைட்’, ஆட்டோவுக்கு ‘புக்’, கணக்குக்கு ‘டீச்’ என்று வேறு வேறு வினைகள் வரும். இவற்றில் பெரும்பாலோர் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் வருவது வாயால் சொல்லும் அந்த நேரடிச் ‘சொல்’லில்தான். ஸே, டெல், ஸ்பீக், டாக் என்ற நான்கும் அங்கே வரிசையாக நிற்கின்றன. எதை எடுப்பது என்று தெரியாமல் கைக்கு வந்ததை எடுத்துவிடுகிறோம்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலச் சொற்றொகையில் மிக அதிகமாக வரும் வினைகளில் ‘பி’, ‘ஹேவ்’, ‘டூ’ ஆகிய மூன்றுக்கும் அடுத்த இடம் ‘ஸே’வுக்கு. இவ்வளவு அடிக்கடி தேவைப்படும் வினையில் வரும் பிழை, நாள்தோறும் பல தடவை வெளியே தெரியும். அதனால்தான் இந்த ஒரு குடும்பத்துக்கு ஓர் அத்தியாயம் முழுவதையும் கொடுக்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. ‘ஐ ஸே’ என்பது நெடில். ஆனால் ‘ஹி ஸெஸ்’, ‘ஹி ஸெட்’ இரண்டும் குறில். எழுத்தைப் பார்த்து ‘ஸேஸ்’ என்று நீட்ட வேண்டாம். ‘டாக்’ என்பதில் எழுதப்படும் ‘எல்’ ஒலிப்பதே இல்லை.

கேட்பவர் எங்கே?

‘ஹி டோல்ட் தட் ஹி இஸ் பிஸி.’ ‘ஹி ஸெட் மீ தட் ஹி இஸ் பிஸி.’ நம் அலுவலகங்களில் இந்த இரண்டு வாக்கியங்களும் அன்றாடம் புழங்குகின்றன. இரண்டுமே தவறு. தமிழில் ‘அவர் பிஸின்னு சொன்னார்’, ‘அவர் என்கிட்ட பிஸின்னு சொன்னார்’ இரண்டும் சரி. கேட்டவர் யார் என்பதை விட்டாலும் சேர்த்தாலும் நம் வினைக்குக் கவலையில்லை. ஆங்கில வினைகளுக்கு அது பெரிய கவலை.

‘டெல்’ என்றால் அதற்கு அடுத்து கேட்ட ஆள் உடனே வர வேண்டும்: ‘ஹி டோல்ட் மீ’, ‘ஹி டோல்ட் அஸ்’, ‘ஹி டோல்ட் த மேனேஜர்’. நடுவில் ‘டு’ கூடாது. ‘ஸே’ என்றால் அடுத்து வருவது சொன்ன செய்தி: ‘ஹி ஸெட் ஹி வாஸ் பிஸி’. ஆளைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ‘டு’ போட்டுத்தான் சேர்க்கலாம்: ‘ஹி ஸெட் இட் டு மீ’. பேசும்போது இந்த இரண்டாவது வடிவம் அவ்வளவாக வராது. ஆள் வேண்டுமா, ‘டோல்ட்’. ஆள் வேண்டாமா, ‘ஸெட்’. பேச்சு வேகத்தில் இவ்வளவு நினைவில் நின்றால் போதும்.

இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் இன்னும் பல வினைகள் தானாக வழிக்கு வரும். ‘இன்ஃபார்ம்’, ‘ரிமைண்ட்’, ‘அஷ்யூர்’, ‘கன்வின்ஸ்’ எல்லாம் டெல் கட்சி. எனவே ‘ஹி இன்ஃபார்ம்ட் தட் ஹி இஸ் ஆன் லீவ்’ என்று எழுதக் கூடாது, ‘ஹி இன்ஃபார்ம்ட் அஸ் தட்’ என்று ஆளோடு எழுத வேண்டும். ‘எக்ஸ்ப்ளெய்ன்’, ‘மென்ஷன்’, ‘அனவுன்ஸ்’, ‘அட்மிட்’, ‘ஸஜெஸ்ட்’ எல்லாம் ஸே கட்சி. ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்பது தவறு, ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ’ என்பதே சரி. ‘ஸஜெஸ்ட் மீ எ குட் புக்’ என்று கேட்பதும் அதே பிழைதான். ‘கேன் யூ ரெகமெண்ட் எ குட் புக்?’ என்று கேளுங்கள்.

கூடவே ‘அபவுட்’ தொல்லை. ‘அதைப் பற்றி விவாதிச்சோம்’, ‘அதைப் பற்றிக் குறிப்பிட்டார்’, ‘அதைப் பற்றி விவரிச்சார்’ என்று தமிழ் கேட்கும் ‘பற்றி’யை ஆங்கிலத்திலும் கொண்டுபோய் வைக்கிறோம். ‘டிஸ்கஸ்’, ‘மென்ஷன்’, ‘டிஸ்க்ரைப்’ மூன்றுக்கும் ‘அபவுட்’ தேவையில்லை. ‘வி டிஸ்கஸ்ட் த பட்ஜெட்’ என்று நேராக முடிக்கலாம். ‘டாக்’, ‘ஸ்பீக்’, ‘கம்ப்ளெய்ன்’ ஆகியவற்றுக்கு மட்டும் அது வேண்டும்.

ஆள் இல்லாமலும் ‘டெல்’ வரும் இடங்கள் சில உண்டு. ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ லை’, ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் எ ஜோக்’. உண்மை, பொய், கதை, சிரிப்புத் துணுக்கு ஆகியவற்றை ஆங்கிலத்தில் ‘டெல்’ செய்வார்களே தவிர ‘ஸே’ செய்ய மாட்டார்கள். ‘ஹி ஸெட் எ லை’ என்று காதில் விழுந்தால் பேசியவர் அந்த மொழியில் வளர்ந்தவர் அல்ல என்று உடனே தெரிந்துவிடும். மாறாக நன்றி, வணக்கம், மன்னிப்பு, பிரார்த்தனை ஆகியவை ‘ஸே’ பக்கம்: ‘ஸே தேங்க்யூ’, ‘ஸே ஸாரி’, ‘ஸே எ ப்ரேயர்’.

எண்ணிய வினை

‘டெல்’ பற்றி இன்னும் கொஞ்சம் நேரம் செலவிடத் தோன்றுகிறது. பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு எண்ணுதல், கணக்கிடுதல் என்ற பொருளும் இருந்தது. அதன் உடன்பிறப்பான டச்சு வினை ‘டெல்லன்’ இன்றும் எண்ணுவதையே குறிக்கிறது. ஜெர்மனில் ‘ட்ஸேலன்’ என்றால் எண்ணுவது, ‘எர்ட்ஸேலன்’ என்றால் கதை சொல்வது. வங்கியில் பணம் எண்ணிக் கொடுப்பவர் ‘டெல்லர்’ ஆனது இந்த வழியில்தான். நாம் அட்டையைச் செருகிப் பணம் எடுக்கும் ஏடிஎம் என்பதன் நடுவில் நிற்கும் ‘டி’யும் அந்த டெல்லர்தான். ‘அன்டோல்ட் வெல்த்’ என்றால் சொல்லப்படாத செல்வம் அல்ல, எண்ணி முடியாத செல்வம். ‘ஆல் டோல்ட்’ என்றால் எல்லாம் சேர்த்து, மொத்தத்தில்.

எண்ணுகிறவருக்குப் பொருள்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அந்த வாசனையும் வினையில் இன்றைக்கும் இருக்கிறது. ‘கேன் யூ டெல் த டிஃபரன்ஸ்?’ என்றால் ‘வித்தியாசம் தெரியுதா?’ என்று பொருள். ‘ஐ கான்ட் டெல் த ட்வின்ஸ் அபார்ட்’ என்றால் அந்த இரட்டையரில் யார் எவர் என்று தெரியவில்லை. ‘ஐ குட் டெல் ஹி வாஸ் ஆங்க்ரி’ என்றால் ‘அவர் கோபமா இருக்கார்னு பார்த்ததுமே தெரிஞ்சுது’. இங்கெல்லாம் யாரும் எதையும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆங்கிலப் படங்களில் இந்தப் பயன்பாடு அடிக்கடி காதில் விழும். ‘சொல்ல முடியும்’ என்று புரிந்துகொண்டால் காட்சியே கைநழுவிப் போகும்.

வரச் சொன்னார்

‘மேனேஜர் உங்களை வரச் சொன்னார்’ என்பதை அப்படியே ‘டோல்ட் டு கம்’ என்று மாற்றுகிறோம். ‘ஹி டோல்ட் யூ டு கம்’ என்பது இலக்கணப்படி சரி, ஆனால் அது உத்தரவு. ‘ஹி ஆஸ்க்ட் யூ டு கம்’ என்றால் அழைப்பு, வேண்டுகோள். தமிழில் இந்த இரண்டுமே ‘வரச் சொன்னார்’தான். மரியாதையை ‘ஆர்’ விகுதியும் குரலும் பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் அந்தப் பொறுப்பு வினையைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளரை வரச் சொல்லியிருந்தால் ‘ஐ டோல்ட் ஹர் டு கம்’ என்று எழுதாதீர்கள். ‘ஐ ஆஸ்க்ட் ஹர்’ என்றே எழுதுங்கள். பெரியவர்களிடம் பேசிய செய்தியை எழுதும்போது இந்த வித்தியாசத்தை மறக்கவே கூடாது.

‘டாக்டர் உங்களை நாளைக்கு வரச் சொல்றார்’ என்பதற்குப் பேச்சில் மிக இயல்பான வடிவம் ‘த டாக்டர் வான்ட்ஸ் யூ டு கம் இன் டுமாரோ’. அங்கே சொல்லும் வினையே கிடையாது.

‘ன்னு’வும் ‘ஆம்’உம்

தமிழ் பிறர் பேச்சை அப்படியே தூக்கி வந்து ‘ன்னு’ போட்டு ஒட்டிவிடும். ‘நாளைக்கு வரேன்னு சொன்னான்.’ அவன் வாயிலிருந்து வந்த சொல்லே உள்ளே இருக்கிறது. இதை அப்படியே பெயர்த்தால் ‘ஹி டோல்ட் ஐ வில் கம் டுமாரோ’ என்று வரும். கேட்கும் ஆங்கிலேயர் வரப்போவது நீங்கள் என்று நினைத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் ‘ஐ’ என்பது ‘ஹி’ ஆக வேண்டும், ‘வில்’ என்பது ‘வுட்’ ஆக வேண்டும்: ‘ஹி ஸெட் ஹி வுட் கம்’. பள்ளியில் இதை நேர்க்கூற்று, அயற்கூற்று என்று பாடமாகப் படித்து மதிப்பெண்ணும் வாங்கினோம். பேசும்போது மட்டும் தமிழ்க் கட்டமைப்பு முன்னால் வந்து நிற்கிறது. இதற்கு ஒரே மருந்து பயிற்சி. வீட்டில் கேட்ட ஒரு பேச்சை எடுத்து நாள்தோறும் மூன்று முறை மாற்றிச் சொல்லிப் பழகுங்கள்.

அடுத்தது நம் ‘ஆம்’. ‘அவருக்கு மாற்றல் வந்துடுச்சாம்.’ நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், உண்மைக்கு நான் பொறுப்பல்ல. இத்தனையையும் ஓர் ஈற்றில் அடக்கிவிடும் வசதி நமக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு விகுதி இல்லை. ‘அப்பேரன்ட்லி’, ‘ஐ ஹியர்’, ‘தே ஸே’ என்று தனிச் சொல்லாகச் சேர்க்க வேண்டும். பலர் சேர்ப்பதில்லை. ‘ஹி காட் ட்ரான்ஸ்ஃபர்ட்’ என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறார்கள், பிறகு அது வதந்தி என்று தெரிந்து சங்கடப்படுகிறார்கள். ‘அப்பேரன்ட்லி ஹி காட் ட்ரான்ஸ்ஃபர்ட்’ என்று தொடங்கியிருந்தால் அந்தச் சங்கடமே வந்திருக்காது. நம்மவர்கள் போதிய அளவு பயன்படுத்தாத ஆங்கிலச் சொற்களில் இது முக்கியமானது என்பேன்.

எதிர்ப்புறமும் ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் போர்டு பேசாது. ‘போர்டுல என்ன போட்டிருக்கு?’, ‘லெட்டர்ல என்ன எழுதியிருக்கு?’, ‘கடிகாரம் பத்து காட்டுது’ என்போம். ஆங்கிலத்தில் இவை எல்லாமே பேசும்: ‘த போர்ட் ஸெஸ்’, ‘த லெட்டர் ஸெஸ்’, ‘த கிளாக் ஸெஸ் டென்’. ‘இன் த போர்ட் இட் இஸ் ரிட்டன் தட்’ என்று சுற்றி வளைப்பவர்களுக்கு ‘த போர்ட் ஸெஸ்’ பெரிய நிம்மதி.

ஒரு பொருள், பல தீர்ப்புகள்

‘ஸே’வுக்கு மாற்றாக ஆங்கிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வினைகள் உண்டு. அவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852-ல் வெளியிட்ட புகழ்பெற்ற சொற்களஞ்சியம் சொற்களைக் கருத்து வாரியாகக் குவித்து வைத்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் விளக்கம் தரவில்லை. சொற்களை ஏற்கெனவே அறிந்து, சரியான ஒன்றைத் தேடுபவருக்கான நூல் அது. புதிதாகக் கற்பவர் அந்தக் குவியலில் ஒன்றை உருவி எடுத்து வாக்கியத்தில் வைத்தால் விபரீதம் ஆகும்.

இது நமக்குப் புதிய செய்தி அல்ல. ஈ, தா, கொடு மூன்றும் தருவதையே குறித்தாலும் இழிந்தவன் கேட்பது ‘ஈ’, ஒத்தவன் கேட்பது ‘தா’, உயர்ந்தவன் கேட்பது ‘கொடு’ என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பொருளைக் குறிக்கும் சொற்கள் எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று நிற்க முடியாது என்ற தெளிவு நம் இலக்கணத்தில் அவ்வளவு பழையது. அதே கண்ணோடு ஆங்கில வினைகளையும் பாருங்கள்.

‘ஸெட்’ நடுநிலை. ‘கிளெய்ம்ட்’ என்றால் ‘அவர் அப்படிச் சொல்கிறார், நிரூபணம் இல்லை’ என்ற சந்தேகம் சேர்ந்துவிடும். ‘அட்மிட்டட்’ என்றால் தவறையோ மறைத்ததையோ ஒப்புக்கொண்டார் என்றாகும். ‘இன்ஸிஸ்டட்’ என்றால் எதிர்ப்பு இருந்தும் விடாமல் சொன்னார். ‘அலெஜ்ட்’ என்றால் குற்றம் சாட்டினார், அது இன்னும் உறுதியாகவில்லை. ‘பாயின்ட்டட் அவுட்’ என்றால் அவர் சொன்னது உண்மை என்று எழுதுபவரே ஏற்றுக்கொள்கிறார். ஆக, வினையைத் தேர்ந்தெடுக்கும்போதே நீங்கள் தீர்ப்பும் வழங்கிவிடுகிறீர்கள். உங்கள் மேலதிகாரி கூட்டத்தில் சொன்ன கருத்தைக் குறிப்பேட்டில் ‘கிளெய்ம்ட்’ என்று எழுதினால் அவருடைய நேர்மையைச் சந்தேகித்ததாகும். ‘அட்மிட்டட்’ என்று எழுதினால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாகும். செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் தன் செய்தியாளர்களுக்கு ‘ஸெட்’ என்பதையே பரிந்துரைப்பது இதனால்தான்.

‘ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை கெடும்’ என்று பள்ளியில் சொல்லித் தந்ததால் சிலர் உரையாடல் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு வினையைத் தேடி அலைகிறார்கள். அமெரிக்க நாவலாசிரியர் எல்மோர் லெனார்ட் 2001-ல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுத்தாளர்களுக்குத் தந்த பத்து விதிகளில் ஒன்று, உரையாடலுக்கு ‘ஸெட்’ தவிர வேறு வினையே வேண்டாம் என்பது. அவ்வளவு கண்டிப்பு எல்லோருக்கும் தேவையில்லை. ஆனாலும் ‘ஸெட்’ நூறு முறை வந்தாலும் ஆங்கில வாசகரின் கண்ணை அது உறுத்தாது என்பது உண்மை.

‘மறுத்தார்’ என்பதில் தனி எச்சரிக்கை வேண்டும். ‘வர மறுத்தார்’ என்றால் ‘ரெஃப்யூஸ்ட் டு கம்’. ‘குற்றச்சாட்டை மறுத்தார்’ என்றால் ‘டினைட் த சார்ஜ்’. இரண்டையும் மாற்றிப் போட முடியாது. அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. தமிழில் ‘நான் பணம் எடுக்கலைன்னு மறுத்தான்’ என்போம், எதிர்மறை உள்ளேயும் இருக்கிறது. அதை ‘ஹி டினைட் தட் ஹி டிட் நாட் டேக் த மனி’ என்று பெயர்த்தால் ‘எடுக்கவில்லை என்பதை மறுத்தான்’, அதாவது எடுத்தான் என்று ஆகிவிடும். ‘ஹி டினைட் டேக்கிங் த மனி’ என்று உள்ளே எதிர்மறை இல்லாமல் எழுத வேண்டும். புகார் மனுவிலும் விசாரணை அறிக்கையிலும் இந்த ஒரு ‘நாட்’ ஒருவரின் வேலையையே பறித்துவிடக்கூடும்.

குரலைக் காட்டும் வினைகள் எளிது. ‘விஸ்பர்’ கிசுகிசுப்பது, ‘மட்டர்’ முணுமுணுப்பது. ‘ஷௌட் டு’ என்றால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கத்துவது, ‘ஷௌட் அட்’ என்றால் கோபத்தில் கத்துவது.

பேசுவது

‘ஸ்பீக்’, ‘டாக்’ இரண்டும் பேசுதல். மொழி என்றால் ‘ஸ்பீக்’: ‘ஷி ஸ்பீக்ஸ் தெலுகு’. மேடை, தொலைபேசி, முறையான சந்திப்பு ஆகியவற்றிலும் அதுவே. யாராவது உங்களைப் பெயர் சொல்லித் தொலைபேசியில் கேட்டால் ‘ஸ்பீக்கிங்’ என்ற ஒற்றைச் சொல் ‘நான்தான் பேசுறேன்’ என்பதற்கு ஈடு. நண்பர்களுக்குள் நடப்பது ‘டாக்’. ஆனால் ‘வி நீட் டு டாக்’ என்று குறுஞ்செய்தி வந்தால் அரட்டைக்கு அழைக்கவில்லை, ஏதோ முக்கியமான விஷயம் என்று பொருள். இரு குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதை ‘தே ஆர் நாட் ஆன் ஸ்பீக்கிங் டர்ம்ஸ்’ என்பார்கள்.

தொலைபேசியில் நாம் அன்போடு சொல்லும் ‘சொல்லுங்க’வை ‘டெல் மீ’ என்று பெயர்ப்பதை விட்டுவிடுங்கள். வெளிநாட்டவர் காதில் அது ‘சீக்கிரம் சொல்லு’ என்ற தொனியில் விழும். ‘யெஸ், கோ அஹெட்’ போதும். வாடிக்கையாளர் என்றால் ‘ஹவ் கேன் ஐ ஹெல்ப்?’

அலுவலக மின்னஞ்சலில் ‘கைண்ட்லி இன்டிமேட்’ என்று எழுதுவது பழைய கோப்பு ஆங்கிலம். ‘ப்ளீஸ் லெட் அஸ் நோ’ என்று எழுதினால் மரியாதை குறையாது, தெளிவு கூடும். ‘கிளம்புறப்போ சொல்லிட்டுப் போ’ என்பதற்கும் இதே ‘லெட் மீ நோ’தான்: ‘லெட் மீ நோ பிஃபோர் யூ லீவ்’. பதில் அனுப்புவதை ‘ரிவர்ட்’ என்பதும் இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது. ‘ரிப்ளை’ என்றே எழுதுங்கள்.

அன்றாடத்துக்குச் சில

‘அம்மாவைக் கேட்டதா சொல்லுங்க’ என்பதற்கு ‘ஸே ஹலோ டு யுவர் மதர் ஃபார் மீ’. ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்பதற்கு ‘ஐ டோல்ட் யூ ஸோ’. ‘சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல’ என்பதற்கு ‘நத்திங் மச் டு ஸ்பீக் ஆஃப்’. ஒருவர் செய்த உதவியைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தால் ‘ஷி நெவர் லெட்ஸ் மீ ஃபர்கெட் இட்’. ‘ஒரு அஞ்சு மணின்னு வச்சுக்குவோம்’ என்பதற்கு ‘ஸே, ஃபைவ் ஓ கிளாக்’. இங்கே ‘ஸே’ சொல்வதில்லை, உத்தேசமாக வைத்துக்கொள்வது. ‘இதுல எனக்குப் பேச உரிமை இல்லையா?’ என்பதற்கு ‘டோன்ட் ஐ ஹேவ் எ ஸே இன் திஸ்?’

‘யூ கேன் ஸே தட் அகெய்ன்’ என்று யாராவது சொன்னால் மறுபடி சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். ‘ரொம்பச் சரியாச் சொன்னீங்க’ என்பதே அதன் பொருள். உண்மையிலேயே திரும்பச் சொல்ல வேண்டுமென்று அவர் கேட்டால் ‘குட் யூ ஸே தட் அகெய்ன்?’ என்று கேள்வியாக வரும்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் ஒரு வேலை. ஏதாவது ஓர் ஆங்கில நாளிதழின் முதல் பக்கத்தை எடுத்து, சொல்வதைக் குறிக்கும் வினைகள் அனைத்தையும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றையும் அடுத்து ஆள் வருகிறாரா, செய்தி வருகிறதா என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஸெட்’ இல்லாத இடங்களில் செய்தியாளர் ஏன் வேறு வினையை எடுத்தார் என்று யோசியுங்கள். ஒரு வாரம் செய்து பாருங்கள், பிறகு அடுத்த பாடத்துக்கு வாருங்கள்.